போட்டோ ஸ்டுடியோவும் ஒரு கடைதான்



உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு கல்யாணம் நடந்தால் நம்மில் பலருக்கு வியாபாரம். மளிகை, ஜவுளி, நகை, பாத்திரம், பூ, பந்தல் என்று ஒவ்வொரு கடைக்கும் ஒரு பங்கு போகிறது. அதே கல்யாணத்தை நம்பிப் பிழைக்கும் இன்னொருவர் போட்டோகிராபர். அவரைக் கலைஞர் என்று பாராட்டுகிறோம். ஆனால் வியாபாரி என்று நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. அவரும் தம்மை அப்படி நினைத்துக்கொள்வதில்லை. இது இரு தரப்புக்கும் நஷ்டம் என்பது என் கருத்து.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. வியாபாரக் குடும்பங்களிலேயே இன்று பல பிள்ளைகள், "கடையில் உட்கார மாட்டேன், கேமரா வாங்கிக் கொடுங்கள்" என்கிறார்கள். "இந்தத் தொழில் சோறு போடுமா?" என்று தகப்பன்மார் கேட்கிறார்கள். போடும். ஆனால் படம் எடுக்கத் தெரிந்தால் மட்டும் போடாது. கணக்கும் எழுதத் தெரிந்தால்தான் போடும்.

அன்றும் இன்றும்

ஃபிலிம் இருந்த காலத்தில் இந்தத் தொழிலில் இறங்குவது எளிதாக இல்லை. ஒரு ரோலில் 36 படம். கழுவுவதற்கு இருட்டறை, மருந்து, பல வருடப் பழக்கம் எல்லாம் வேண்டும். ஆகவே ஊருக்கு ஓரிரு ஸ்டுடியோ இருந்தது, வாடிக்கையும் நிலையாக இருந்தது. பின்னர் டிஜிட்டல் கேமரா வந்தது. 1960-ல் உதகையில் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை நலிந்து மூடப்பட்டது. உலகத்துக்கே ஃபிலிம் விற்ற கோடாக் கம்பெனி 2012-ல் திவால் மனு போட்டது. அத்தனை பெரிய நிறுவனங்களே ஆட்டம் கண்டபோது சின்ன ஊர் ஸ்டுடியோக்கள் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

இன்று தவணையில் யாரும் கேமரா வாங்கலாம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அப்படியானால் வாடிக்கையாளர் எதற்காகப் பணம் கொடுக்கிறார்? பொறுப்புக்காகக் கொடுக்கிறார். தாலி கட்டும் நிமிடம் ஒரு முறைதான் வரும். அதைத் தவறவிடாமல் எடுப்பதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மாமன் சீர் எப்போது, தாரை வார்ப்பது எப்போது, பெண் வீட்டுப் பெரியவர் யார், படத்தில் யாரை விட்டால் மனத்தாங்கல் வரும் என்பதெல்லாம் பட்டணத்திலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. நம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரியும். இது அவருக்கு இருக்கும் பெரிய முதலீடு.

பஞ்சாங்கம் நடத்தும் வியாபாரம்

இந்தத் தொழிலுக்கு ஆண்டுக்கு 365 நாள் கிடையாது. ஆடி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை. புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. மற்ற மாதங்களிலும் நல்ல முகூர்த்தம் என்று எல்லோரும் தேடுவது சில நாட்களைத்தான். அதே நாளில் உத்திரமேரூரிலும் கல்யாணம், சாலவாக்கத்திலும் கல்யாணம், மானாம்பதியிலும் கல்யாணம். மளிகைக் கடைக்காரர் ஒரே நாளில் பத்துக் கல்யாணத்துக்குச் சாமான் போடலாம். போட்டோகிராபர் ஒரு மணமேடையில்தான் நிற்க முடியும். ஒரு தேதியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் அந்தத் தேதி விற்றுப்போன சரக்கு.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டு சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் பாழாயின. 2021 மே மாதம் மறுபடியும் அதே நிலை. வாங்கிய அட்வான்ஸ் யாருக்குச் சேரும் என்ற கேள்வி அப்போது எழுந்தது. எழுத்தில் எதுவும் இல்லாத இடங்களில் அது மனக்கசப்பில்தான் முடியும்.

முகூர்த்தம் இல்லாத மாதங்களில் ஸ்டுடியோவைக் காப்பாற்றுவது சில்லறை வேலைதான். பாஸ்போர்ட் சைஸ் படம், பள்ளிக்கூட குரூப் போட்டோ, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஃபிரேம் போடுவது, இறந்தவரின் சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காரியத்துக்குள் மாலை போடத் தயாராகக் கொடுப்பது, இவையெல்லாம் தினசரி வருமானம். கல்யாண வேலையை மட்டும் நம்பி, கடையே இல்லாமல் தொழில் தொடங்கும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். நமக்குத் தீபாவளி வியாபாரம் எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கு முகூர்த்தம். தீபாவளியை மட்டும் நம்பி யாரும் கடை நடத்துவதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு கல்யாணத்தை 40,000 ரூபாய்க்குப் பேசியதாக வைத்துக்கொள்வோம். ஆல்பம், பிரிண்ட் 10,000. வீடியோ எடுப்பவர், கூட வரும் உதவியாளர் சம்பளம் 6,000. படத்தைத் திருத்தி ஆல்பம் வடிவமைப்பவருக்கு 5,000. வண்டிச் செலவு 1,500. மீதி 17,500.

இது லாபம் என்று நினைத்தால் தவறு. ஆண்டுக்கு 30 கல்யாணம் என்று வைப்போம். மாதம் 10,000 ரூபாய் கடை வாடகையும் மின்சாரமும் என்றால் கல்யாணத்துக்கு 4,000 ஆகிறது. 3 லட்சம் ரூபாய்க் கேமரா, லென்ஸ் 5 ஆண்டு உழைக்கும் என்றால் தேய்மானம் 2,000. கடன் வட்டி, பழுது 1,500. கடைசியில் கைக்கு நிற்பது 10,000 ரூபாய். ஆண்டுக்கு 3 லட்சம், மாதத்துக்கு 25,000.

தேய்மானத்தை யாரும் எழுதுவதில்லை. கேமராவின் ஷட்டர் இத்தனை லட்சம் தடவைதான் இயங்கும் என்று தயாரிப்பாளர்களே பல மாடல்களுக்கு அளவு சொல்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் படம் எடுக்கிறார்கள். லாரி டயர் தேய்வது போல அதுவும் தேய்கிறது. டயருக்குப் பணம் ஒதுக்காத லாரிக்காரர் என்ன ஆவார் என்பது நமக்குத் தெரியும்.

இப்போது பாக்கி விஷயத்துக்கு வருவோம். "ஆல்பம் வரட்டும், கடைசிப் பத்தாயிரத்தைத் தருகிறேன்" என்கிறோம். ஆல்பம் வந்த பிறகு, "நவரை அறுவடை ஆகட்டும்" என்கிறோம். அந்தப் பத்தாயிரம்தான் அவருடைய கூலி முழுவதும். மற்றதெல்லாம் பிறருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் முகூர்த்தப் புடவைக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், அந்தப் புடவையைப் படம் எடுத்தவரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நம்மிடம் ஒருவர் பாக்கி வைத்தால் அடுத்த சரக்கை நிறுத்தலாம். எடுக்காமல் விட்ட சரக்கை வேறொருவருக்கு விற்கலாம். போட்டோகிராபருக்கு இரண்டும் இல்லை. ஒரு வீட்டுக் கல்யாண ஆல்பத்தை இன்னொரு வீட்டில் யார் வாங்குவார்கள்? உலகத்தில் ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் ஆகும் சரக்கு அது. அப்படிப்பட்ட சரக்கைக் கடனுக்குச் செய்யக் கூடாது என்பது வியாபாரத்தின் அரிச்சுவடி.

எழுத்தில் வேண்டும்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆல்பம் ஆறு மாதம் ஆகியும் வரவில்லை, ஒரே முகூர்த்தத்தில் இரண்டு ஆர்டர் பிடித்துக்கொண்டு பழகாத பையனை அனுப்பிவிட்டார் என்ற புகார்களும் உண்டு. அவை நியாயமானவை. இரண்டு பக்கத்துக்கும் மருந்து ஒன்றுதான். ஒரு தாளில் ஆர்டரை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

தேதி, நேரம், யார் வந்து எடுப்பார்கள், ஆல்பத்தில் எத்தனை பக்கம், மொத்தத் தொகை எல்லாம் அதில் இருக்க வேண்டும். தேதி குறிக்கும்போது கால் பங்கு, முகூர்த்தத்தன்று பாதி, ஆல்பத்தைக் கையில் வாங்கும்போது கால் பங்கு. வாடிக்கையாளர் 30 நாளுக்குள் படங்களைத் தேர்வு செய்து கொடுக்க வேண்டும். அதன்பின் இத்தனை நாளில் ஆல்பம் தர வேண்டும். கல்யாணம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் எழுத வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே மணப்பெண் படத்தை விளம்பரத்துக்குப் போடுவதென்றால் அந்தக் குடும்பத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். படத்தைத் தொலைத்துவிட்டால் சேவைக் குறைபாடு என்று வாடிக்கையாளர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு இடத்தில் பிரதி வைப்பது செலவல்ல, அது இன்சூரன்ஸ்.

பழைய படங்களுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் பிரதி எடுத்துப் பாதுகாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் செய்திருக்கிறது. கடைப் பரணில் கிடந்தது இன்று சரித்திரம் ஆகியிருக்கிறது.

எழுதி வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், சபைத் தேர்தல் விதிகளை இந்த ஊர்க் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வர முடியாது என்று அதில் இருக்கிறது. இன்றும் மொய் நோட்டில் 101 ரூபாயைக்கூடப் பேர் போட்டு எழுதுகிறோம். 40,000 ரூபாய் ஆர்டரை மட்டும் வாய்ப்பேச்சில் விடுவது என்ன நியாயம்?

நாம் செய்ய வேண்டியது

பிள்ளைக்குக் கேமரா வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு முகூர்த்தப் பருவம் முழுவதும் நல்ல ஸ்டுடியோவில் உதவியாளராக அனுப்புங்கள். அதன்பின் கந்து வட்டிப் பக்கம் போகாமல் வங்கியில் முத்ரா கடன் கேளுங்கள். 50,000 ரூபாய் வரை ஒரு வகை, 5 லட்சம் வரை ஒரு வகை என்று அதில் படிகள் உண்டு. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். முதல் நாளிலிருந்தே சிட்டையும் பேரேடும் எழுதப் பழக்குங்கள்.

நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஸ்டுடியோ நடத்துபவர்களை அழைத்து உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன ஆர்டர் படிவத்தை அச்சடித்துச் சங்கத்தின் மூலம் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். சங்க உறுப்பினர்கள் அனைவரும் தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஆல்பம் கைக்கு வரும் அன்றே பாக்கியைத் தீர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். நம் பாக்கி வசூலாகவில்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் நாம். இன்னொரு வியாபாரியின் பாக்கியை நாமே வைத்திருக்கலாகாது.