டோம்பிவிலியில் என்னதான் இருக்கு?

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் நம்மைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி இது. அவர்கள் கேட்பதில் எனக்குக் கோபமில்லை. இருபது வருஷமாக இங்கேயே குப்பை கொட்டும் நம்மவர்களும் இதையே சொல்கிறார்களே, அதில்தான் வருத்தம். "என்ன சார் இருக்கு? ஸ்டேஷன், ரிக்‌ஷா ஸ்டாண்ட், வீடு. அவ்வளவுதான்!"

என் கட்சி இதுதான். நம்மவர்கள் டோம்பிவிலியில் ஃபிளாட் வாங்குகிறோம், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம், ரிடையரும் ஆகிறோம். ஆனால் ஊருக்குள் வருவதே இல்லை. ரயில் வரும்வரை உட்கார்ந்திருக்கும் வெயிட்டிங் ரூம் மாதிரிதான் இந்த ஊரை நடத்துகிறோம். அதில் நஷ்டம் ஊருக்கில்லை, நமக்குத்தான். புதிதாக மாற்றலாகி வருகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ரயிலைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். விடிக்கு (சிஎஸ்எம்டி என்று சொன்னால் இன்னும் வாயில் நுழைய மாட்டேன் என்கிறது) ஃபாஸ்ட் லோகலில் சுமார் ஒரு மணி நேரம். ஸ்லோவில் இன்னும் கால் மணி, இருபது நிமிஷம் கூட. அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் கதவில் தொங்குகிறோம். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா வளைவில் எதிரெதிரே போன இரண்டு லோகல்களில் தொங்கியவர்கள் உரசிக்கொண்டு விழுந்ததும், குறைந்தது நான்கு பேர் செத்ததும் நினைவிருக்கும். தாணே–திவா இடையே ஐந்தாவது, ஆறாவது தடங்கள் 2022 பிப்ரவரியிலேயே வந்துவிட்டன. கூட்டம் குறைந்ததா? இல்லை. எனவே டோம்பிவிலியிலிருந்தே கிளம்பும் லோகல் எது என்று பார்த்து, ஸ்லோவாக இருந்தாலும் அதில் ஏறுங்கள். (அதிலும் கோபரிலிருந்து எதிர்த்திசை வண்டியில் ஏறி, உட்கார்ந்தபடியே டோம்பிவிலிக்கு வந்து சேரும் புத்திசாலிகள் உண்டு. அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள், ஜெயிக்க முடியாது.) இருபது நிமிஷம் லேட்டாகப் போனதற்காக யாரையும் வேலையை விட்டு எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்தது வீடு. ஊருக்குள் வராமல் இருப்பதன் விலை எவ்வளவு என்பது இங்கேதான் தெரியும்.

நம்மவர்கள் வீடு வாங்கும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை சாம்பிள் ஃபிளாட் பார்ப்போம். வாஸ்து பார்ப்போம். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்போம். பேங்க் லோன் கொடுக்கிறதா? கொடுக்கிறது. அப்போ சரியாகத்தான் இருக்கும் என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கல்யாண்–டோம்பிவிலி மாநகராட்சி கொடுத்தது போலப் பொய்யான அனுமதிக் கடிதம் தயாரித்து, அதை வைத்து ரேரா பதிவு எண்ணும் வாங்கிக் கட்டிய 65 கட்டிடங்களின் விவகாரம் இந்த ஊரில்தான் வெடித்தது. 2024 நவம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அவற்றை இடிக்கச் சொல்லி உத்தரவிட்டது. அதில் குடியிருந்தவர்கள் யார்? பேங்க் லோன் எடுத்து, ஸ்டாம்ப் டியூட்டி கட்டி, ரிஜிஸ்டர் செய்து வந்த நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள். கையில் ரேரா எண் இருந்தது. லோன் பாஸ் ஆகியிருந்தது. இரண்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

அதனால் பில்டர் நீட்டும் ஜெராக்ஸை நம்பாதீர்கள். கட்டிட அனுமதி எண்ணை எழுதிக்கொண்டு போய் மாநகராட்சியின் நகரத் திட்டப் பிரிவில், இது நீங்கள் கொடுத்ததுதானா என்று கேளுங்கள். நிலத்தின் சாத்-பாராவை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். குடிபுகுந்தபின் ஓசி வந்துவிட்டதா என்று விடாமல் துளைத்தெடுங்கள். கிழக்கே மான்பாடா ரோட்டைத் தாண்டி ஷீல் ரோடு பக்கம் போனால் இன்னும் ஜாக்கிரதை தேவை. அங்குள்ள 27 கிராமங்கள் 1983-இல் மாநகராட்சிக்குள் வந்து, 2002-இல் வெளியே போய், 2015-இல் மறுபடி உள்ளே வந்தவை. எந்த வருஷம் யாரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது என்பதிலேயே ஆளுக்கொரு பேச்சு.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குச் சொன்னது பேப்பர் இல்லை. கீழ் வீட்டு மராட்டிக்காரர், கட்டிங் சாய் குடிக்கும்போது சொன்னார். "பாவு, அந்தப் பக்கம் போகாதே" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு வரி கிடைக்க வேண்டுமென்றால் அவரோடு மராட்டியில் நாலு வார்த்தை பேசியிருக்க வேண்டும். சொசைட்டி மீட்டிங்கில் பின் வரிசையில் உட்கார்ந்து, தமிழில் முணுமுணுத்துவிட்டு எழுந்து வருகிறோமே, அங்கே கிடைக்காது. ஹிந்தி போதாதா என்று கேட்பீர்கள். ரிக்‌ஷாவுக்குப் போதும். வார்டு ஆபீஸில் போதாது.

வார்டு ஆபீஸ் என்றதும் இன்னொன்று. 2015-க்குப் பிறகு மாநகராட்சித் தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. நடுவில் பல வருஷம் கார்ப்பரேட்டரே இல்லாமல் ஊர் ஓடியது. நம் பில்டிங்கில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்? எம்ஐடிசி பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2016 மே மாதமும் 2024 மே மாதமும் ரசாயனத் தொழிற்சாலைகள் வெடித்து, இரண்டிலுமாக இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். 2020-இல் ஒரு ரோடே ரோஸ் கலராக மாறி முதலமைச்சர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ராத்திரி மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றத்தைப் பற்றி மனுக் கொடுத்தவர்கள் பட்டியலில் நம் பெயர்கள் அபூர்வம். "நமக்கெதுக்கு சார் வம்பு? நாளைக்கே கோயம்புத்தூர் போயிடுவோம்." அந்த நாளை இருபது வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது.

நிற்க. புலம்பல் போதும். நல்லதும் சொல்ல வேண்டாமா?

நம் தீபாவளி அன்று விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் முழுங்கியபின் என்ன செய்கிறீர்கள்? டிவி. அதே விடியற்காலையில் இவர்களும் நம்மைப் போலவே எண்ணெய் தேய்த்து, உட்டணே பூசிக் குளித்துவிட்டு, புதுத்துணியோடு ஃபட்கே ரோட்டுக்குப் போகிறார்கள். பழைய சிநேகிதர்களைப் பார்க்க, அரட்டை அடிக்க. இளசுகள் கூட்டம் கணேஷ் மந்திர் வரை நெரியும். குடி பாட்வா அன்று நடக்கும் ஊர்வலமும் அங்கேதான். இன்று மகாராஷ்டிரம் முழுக்கப் பல ஊர்களில் நடக்கும் இந்தப் புத்தாண்டு ஊர்வலம் 1999-இல் டோம்பிவிலியில் ஆரம்பித்தது. 2017-இல் அகில இந்திய மராட்டி இலக்கிய மாநாடும் இந்த ஊரில்தான் கூடியது. ஒன்றுமில்லாத ஊரிலா இத்தனையும்? நம் பக்கமும் சும்மா இருந்துவிடவில்லை. சவுத் இண்டியன் அசோசியேஷன் கல்லூரியே நடத்துகிறது. ஆனால் நாம் அசோசியேஷன் வரை போவோம், ஃபட்கே ரோட்டுக்குப் போக மாட்டோம்.

மாட்டுங்காவுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போன காலமும் மலையேறிவிட்டது. வாழையிலை முதல் ஃபில்டர் காபிப் பொடி வரை ஸ்டேஷன் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஊருக்குப் போகவும் குர்லா வரை மூட்டை தூக்க வேண்டாம். சென்னை, கோயம்புத்தூர், நாகர்கோவில் வண்டிகள் கல்யாணில் நிற்கின்றன. இரண்டே ஸ்டேஷன். டிக்கெட்டில் ஏறும் இடம் கல்யாண் என்று போட்டுக்கொண்டால் போதும்.

மிச்சமாகும் ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளை ஒரு தடவை அம்பர்நாத் சிவன் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். ஷிலாஹார அரசர்கள் காலத்தது, 1060-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. நம் தஞ்சைப் பெரிய கோயில் முடிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு. கருங்கல் சுவர் முழுக்கச் சிற்பம். கர்ப்பக்கிரகம் தரைமட்டத்துக்குக் கீழே, படி இறங்கிப் போக வேண்டும். தஞ்சாவூரில் அண்ணாந்து பார்த்த பிள்ளைகள் இங்கே குனிந்து பார்ப்பார்கள். அம்பர்நாத் ஸ்டேஷன் லோகலில் அரை மணிக்குள். அங்கிருந்து ரிக்‌ஷா. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மெகா பிளாக் ஆரம்பிக்கும் முன் வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்துவிடலாம்.