டாக்டர் கேட்காததையும் சொல்லுங்கள்!

சகோதரிகளே, எங்கள் படூருக்குப் பக்கத்திலே, சிறுசேரியில், வரிசையாகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள். அந்தக் கம்ப்யூட்டர் இப்போது டாக்டர் மேஜைக்கும் வந்துவிட்டது. முகம் பார்த்து, "என்னம்மா பண்ணுது?" என்று கேட்பது குறைந்துபோச்சு என்று குறைப்படாத பெண்கள் இல்லை.

இந்தக் குறை நமக்கு மட்டுமல்ல. 2012-ல் அமெரிக்க மருத்துவச் சங்கப் பத்திரிகையில் ஏழு வயதுச் சிறுமி வரைந்த படம் ஒன்று வந்தது. அவளும் அம்மாவும் ஒரு பக்கம். டாக்டரோ முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்க்கிறார்!

அதற்காகக் கம்ப்யூட்டரைத் திட்டவும் முடியாது. தமிழ்நாட்டில் 2008-லிருந்து கர்ப்பிணிகளின் விவரம் 'பிக்மி' என்ற கணினிப் பதிவில் ஏறுகிறது. சீட்டு மாதிரி கிழியாது, தொலையாது. ஆனால் நாம் வாய்விட்டுச் சொல்லாதது அதில் எப்படி ஏறும்?

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாசம். செக்கப்பில் டாக்டரம்மா திரையைப் பார்த்தபடியே கேட்ட கேள்விகளுக்கு "ஆமாம்", "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் சாயந்திரம், "அத்தை, ரெண்டு நாளா தலைவலி மண்டையைப் பிளக்குது, கண்ணும் மங்குது" என்கிறாள்.

"அங்கே சொன்னியாடி?"

"அவங்க கேட்கலை அத்தை. டைப் அடிச்சுகிட்டே இருந்தாங்க, நடுவிலே எப்படிப் பேசறது?"

உடனே ஆட்டோ பிடித்து அழைத்துப் போனோம். முந்தின நாள் லேசாகக் கூடியிருந்த ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கர்ப்பகாலத்தில் இது தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனித்ததால் பிழைத்தாள்.

2017-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, நம் நாட்டில் ஆரம்ப சிகிச்சை டாக்டர் ஒரு நோயாளிக்குச் செலவிடுவது சுமார் 2 நிமிடம்தான். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட இப்படிச் செய்யுங்கள்:

* வீட்டிலேயே முக்கியமான மூன்று விஷயங்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ரொம்பக் கவலை தருவது முதலில்.

* டாக்டரின் கை கொஞ்சம் நின்றதும், "நீங்க கேட்காத ஒண்ணு இருக்கு டாக்டர்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

* ஒத்துக்கொள்ளாத மருந்து, சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லி, "எழுதிட்டீங்களா?" என்று கேளுங்கள்.

* எழுந்திருக்குமுன், பதிந்ததை ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

* கர்ப்பிணிகள் கடும் தலைவலி, பார்வை மங்கல், முகம், கை வீக்கம், குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றை அடுத்த செக்கப் வரை தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.