மறுகரையை யார் படிப்பது?

தமிழகத்துக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் இடையே இருந்த உறவை ஆராய விரும்பும் மாணவருக்கு இது பொற்காலம் என்று சக இதழொன்றில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தமிழ் இருக்கைகள், உதவித்தொகைகள், கருத்தரங்குகள் என்று பட்டியல் நீள்கிறது. பட்டியலில் பிழை இல்லை, அதிலிருந்து எடுத்த முடிவில்தான் கோளாறு. அந்த இருக்கைகள் அனைத்தும் பிறர் நம்மைப் படிப்பதற்காக அமைந்தவை. ஹார்வர்டு இருக்கைக்குத் தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்ததை இவ்விதழ் குறை சொல்லவில்லை; நம் மொழி எங்கே கற்பிக்கப்பட்டாலும் நல்லதுதான். ஆனால் உறவுக்கு இரண்டு கரைகள் உண்டு. மறுகரையை நாம் படிக்க இங்கே என்ன ஏற்பாடு இருக்கிறது? பழைய மலாய்க் கல்வெட்டையோ பர்மியச் சுவடியையோ மூலத்தில் படிக்கும் அளவுக்கு ஒரு தமிழ் மாணவரைத் தயார்ப்படுத்தும் துறை எது? கட்டுரையாளருக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை.

கேள்வி வெறும் குதர்க்கம் அல்ல என்பதற்கு ஸ்ரீவிஜயத்தின் கதையே போதும். 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பில் ராஜேந்திர சோழன் வென்ற ஊர்களின் பெயர்கள் அவன் மெய்க்கீர்த்தியில் வரிசையாக இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்திருக்கலாம். கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் அதைப் பதிப்பித்தும் விட்டார். இருந்தும் ஸ்ரீவிஜயம் என்பது எது, எவ்வளவு பெரியது என்பது தெளிவாகவில்லை. பாங்கா தீவின் கோட்டா காப்பூரில் கிடைத்த, 686ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய மலாய்க் கல்வெட்டை 1913இல் வெளியிட்ட டச்சு அறிஞர் கெர்ன், ஸ்ரீவிஜயம் என்பது ஓர் அரசனின் பெயர் என்று நினைத்தார். அது ஒரு பேரரசு, அதன் தலைமையிடம் பலெம்பாங் என்று 1918இல் நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் ழார்ழ் செதேஸ். அவர் புதிதாக எதையும் தோண்டி எடுக்கவில்லை. சோழர் கல்வெட்டையும் மலாய்க் கல்வெட்டையும் சீனக் குறிப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த மேசை நம்மிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நமக்கு ராஜேந்திரன் வென்ற கடாரம் என்றதும் நினைவுக்கு வருவது சாண்டில்யனின் ‘கடல்புறா’. அதைப் படித்து மயங்காத பதின்வயது யாருக்குத்தான் இருந்தது! ஆனால் மயக்கம் தெளிந்த பிறகு படிக்க வேறொன்று வேண்டாமா?

இலங்கையின் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு இன்னும் கூர்மையான சாட்சி. 1409ஆம் ஆண்டு தேதியிட்டுச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பற்படை கொண்டுவந்த அந்தக் கல், 1911இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ்ப் பகுதியை மட்டும் படிப்பவருக்குச் சீனப் பேரரசர் தென்திசையின் தெனவரை நாயனாருக்குப் பொன்னும் பட்டும் காணிக்கை அனுப்பிய பக்தராகத் தெரிவார். சீனப் பகுதியில் அதே காணிக்கை புத்தருக்குப் போகிறது. சிதைந்துபோன பாரசீகப் பகுதியில் அல்லாவுக்கு. ஒரே கல்லில் மூன்று சமூகத்துக்கு மூன்று விதமாகப் பேசிய அந்த ராஜதந்திரம், மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் கண்ணில் படும். ஒரு மொழியோடு நின்றுவிட்டவர் கல்வெட்டைப் பிழையின்றிப் படித்துவிட்டு வரலாற்றைப் பிழையாக எழுதுவார். நம் மேடைகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இங்கே தனிநாயகம் அடிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ இதழைத் தொடங்கியவர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றவர், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர் என்ற அளவில் அவரை எல்லோருக்கும் தெரியும். 1679இல் அச்சான அந்தாம் தெ ப்ரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்து மீட்டு அதே 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்ததுதான் இவ்விதழின் கணக்கில் அவருடைய பெருஞ்செயல். போர்த்துகீசியமும் இத்தாலியமும் ஸ்பானியமும் அறிந்திருந்ததால்தான் ஐரோப்பிய நூலகங்களின் கதவு அவருக்குத் திறந்தது. அந்தப் பழைய ‘தமிழ் கல்ச்சர்’ தொகுதிகளைப் புரட்டினால் ஒரு தலைமுறை எதற்கு ஆசைப்பட்டது என்பது விளங்கும். அவருக்குப் பிறகு நாம் மாநாட்டை வைத்துக்கொண்டோம், மொழிகளை விட்டுவிட்டோம். 1968 சென்னை மாநாடு கடற்கரைக்குச் சிலைகளைத் தந்தது. அதன் பின் ஊர்வலங்கள் நீண்டன. மாநாட்டு மலர்கள் தடித்தன.

அயல்நாடுகளை அவற்றின் மொழி வழியே படிக்கும் வட்டார ஆய்வு என்பதே வல்லரசுகளின் கருவிதானே, எட்வர்டு சைதுக்குப் பிறகும் அதை நாம் ஏன் நகல் எடுக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பாதி உண்மை. 1957இல் ஸ்புட்னிக் பறந்த அதிர்ச்சியில்தான் அமெரிக்கா 1958இல் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றியது. சிகாகோவிலும் பென்சில்வேனியாவிலும் தமிழ் வகுப்புகள் வளர்ந்ததில் அந்தச் சட்டம் ஒதுக்கிய பணத்துக்குப் பங்குண்டு. நமக்கு விற்ற கோதுமைக்கு ஈடாகக் குவிந்த ரூபாயைக் கொண்டு பி.எல். 480 திட்டத்தின் கீழ் 1962 முதல் இந்தியப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். நம் கிளை நூலகம் சீந்தாத தமிழ் நூல்களை அங்கே அட்டை கட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். நோக்கத்தைக் கண்டிப்போம். ஆனால் அந்தச் சட்டம் பணத்தை ஒதுக்கிய ஆறாம் பிரிவின் தலைப்பே மொழி வளர்ச்சி என்பதையும் கவனிப்போம். ஆதிக்கம் செய்ய நினைத்தவன்கூட முதலில் மொழியைக் கற்க வேண்டும் என்று உணர்ந்திருக்கிறான். தோழமை கொண்டாடும் நாம் அந்தச் சிரமத்தையும் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றால் அது என்ன தோழமை?

மையங்கள் இங்கே இல்லாமலில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தென், தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையம் இருக்கிறது. தில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியின் வேர் 1955 வரை போகிறது. ஆனால் இத்தகைய இடங்களின் கவனம் இன்றைய வெளியுறவு, வணிக ஒப்பந்தம், கடற்படை வியூகம் ஆகியவற்றின் மீதே. அவை வேண்டியவைதான். ஆங்கிலத்தில் கிடைக்கும் அறிக்கைகளை வைத்தே அவற்றை எழுதிவிடவும் முடிகிறது. பர்மியம் படித்தால் வேலை கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. இன்றைய நிலையில் கிடைக்காது. தமிழ் இலக்கியமோ கல்வெட்டியலோ படித்தவருக்கு மட்டும் வேலை காத்திருக்கிறதா என்ன? ஒரு மொழிக்கு ஒரு விரிவுரையாளர் என்று நான்கு பணியிடங்களை உருவாக்குவது, ஒரு மாநாட்டுப் பந்தலைவிடச் செலவு குறைவான காரியம்.

ஆங்கிலமே போதாதா என்பாருக்குப் பர்மாவைக் காட்டுவோம். 1929-30இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் ஆங்கில அறிக்கை செட்டியார்களின் லேவாதேவி முறையை மதிப்போடு விவரிக்கிறது. அடுத்து வந்த பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து கடன்கள் முறிந்தபோது, கீழ் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1937இல் 25 விழுக்காடானது. நம் நினைவில் இருப்பது 1942இல் போரின்போது அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தவர்களின் துயரம். அது பொய்யில்லை. நிலத்தை இழந்த பர்மிய உழவன் தன் மொழியில் நம்மைப் பற்றி என்ன சொன்னான், என்ன பாடினான் என்பதும் அதே உறவின் பகுதிதான். அதைப் படிக்க இங்கே ஆள் இல்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைச் சிற்றிதழ்க்காரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம்; அந்நாவல் நடக்கும் மெடானின் மக்கள் அதே யுத்த ஆண்டுகளைப் பற்றித் தங்கள் மொழியில் எழுதியதில் ஒரு பக்கத்தையாவது நேரடியாகப் படித்தவர் நம்மில் யார்? இந்தோனேசிய நாவலாசிரியர் பிரமூதியா அனந்த தூரே நம்மில் பெரும்பாலோருக்கு ஆங்கிலத்தின் வழியாக வந்தவர்தான். மறுகரையின் குரல் கேட்காத இடத்தில் வெற்றிப் பெருமிதம் சுலபமாக முளைக்கிறது. 1926இல் கல்கத்தாவில் ‘பெரும் பாரதச் சங்கம்’ தொடங்கியவர்கள் தென்கிழக்கு ஆசியாவை இந்தியாவின் குடியேற்றமாகக் கண்டார்கள். அவர்களைக் கேலி செய்யும் நம் தமிழ் அறிஞர்கள், இந்தியாவை எடுத்துவிட்டுச் சோழர்களை வைத்து அதையே எழுதுகிறார்கள்.

பல்கலைக்கழகம் விழித்துக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1962இல் பர்மியத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி, பர்மாவிலிருந்து தமிழகம் திரும்பிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பர்மா பஜார் பக்கத்து அத்தோ கடைகளோடு அவர்களின் உலகம் முடிந்துவிட்டதாக மற்றவர்கள் நினைக்கிறார்கள். பர்மியப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்ற தலைமுறை இப்போது எழுபதைக் கடந்துகொண்டிருக்கிறது. அவர்களில் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அல்லது அவர்களின் பிள்ளைகள் படித்தால், இவ்விதழுக்கு எழுதுங்கள். பர்மிய மூலத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வரும் கதையோ, கட்டுரையோ, பழைய பத்திரிகைச் செய்தியோ எதுவாயினும் வரும் இதழ்களில் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.