பழைய விரிப்பில் நீல மடிப்பு

புதிதாக வாங்கிய வெள்ளை பெட்ஷீட்டைச் சாயத்தில் முக்கினால் முரண்டு பிடிக்கும். ஆலையில் ஏற்றிய கஞ்சியும், கசங்காமலிருக்கப் பூசிய பிசினும் சாயத்தை உள்ளே விடாது. வருடக்கணக்காகத் துவைத்துத் தேய்ந்த விரிப்பில் இவையெல்லாம் என்றோ போயிருக்கும். ஷிபோரி என்னும் ஜப்பானியக் கட்டுச்சாய முறையை வீட்டில் பழகுகிறவர்கள் அலமாரியின் அடித்தட்டைக் கிளறுவது இதனால்தான்.

துணி முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்திருந்தால், இதற்குப் பயன்படும் அவுரி நீலம் பருத்தி இழையை மட்டும் பிடிக்கும், விரிப்பு சோகை பிடித்ததுபோல் வெளிறிப்போகும். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி, காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகத் திரளும்.

ஷிபோரிக்குப் பேர்போன ஊர் நகோயாவை ஒட்டிய அரிமட்சு. எடோவையும் கியோட்டோவையும் இணைத்த தொக்கைடோ நெடுஞ்சாலையோரம் 1608-இல் சிலரைக் குடியேற்றி உருவாக்கிய ஊர் அது. விவசாயத்துக்கு நிலம் உதவவில்லை. குடியேறியவர்களில் ஒருவரான தக்கெதா ஷோகுரோ, நகோயா கோட்டை கட்ட வந்த கியூஷு ஆட்களிடம் கட்டுச்சாயத் துணியைக் கண்டு, அதேபோல் கைத்துண்டுகள் செய்து வழிப்போக்கர்களுக்கு விற்கத் தொடங்கினார் என்கிறது ஊர் வரலாறு. பிறகு அரிமட்சு சோறு தின்றது துணியால்தான். ஓவியர் ஹிரோஷிகே தன் தொக்கைடோ வரிசையில் பக்கத்து ஊரான நருமிக்கு வரைந்த படத்திலும் இந்தத் துணிக்கடைகளே நிற்கின்றன.

நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுமுறைகள் அங்கே வளர்ந்தன. எல்லாமே பெட்ஷீட்டுக்கு ஆகாது. மான்குட்டிப் புள்ளி போன்ற கானொகோ கட்டு, துணியை நுனிவிரலால் கிள்ளி ஒவ்வொரு புள்ளியாக நூல் சுற்றுவது. மதுரைச் சௌராஷ்டிரர்களின் சுங்குடியும் இதே வேலைதான். உடல் முழுக்கக் கானொகோ போட்ட பட்டுக் கிமோனோ ஆடம்பரத்தின் உச்சமாகி, 1683-இல் ஷோகுன் அரசு அதற்குத் தடையே போட்டது. கிழிந்துகொண்டிருக்கும் விரிப்புக்கு அவ்வளவு உழைப்பைக் கொட்டுவது வீண்.

பொருத்தமானது இடாஜிமே. துணியை விசிறி மடிப்பாக மடித்து, அதையே குறுக்கே மறுபடி மடித்துக் கட்டமாக்கி, மேலும் கீழும் பலகை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்குவது. பலகை அழுத்திய இடம் வெள்ளையாக நிற்கும், விளிம்புகள் நீலமாகும். கேட்க எளிது. ஆனால் பெட்ஷீட்டின் அளவுதான் சிக்கல். 220-க்கு 240 செ.மீ. உள்ள இரட்டைக் கட்டில் விரிப்பை 20 செ.மீ. கட்டமாக மடித்தால் 132 அடுக்கு வரும். வெளி மடிப்புகள் கருநீலமாகும். நடு மடிப்புகளுக்குச் சாயம் எட்டியே பார்க்காது. பழைய விரிப்பு எப்படியும் நடுவில்தான் நைந்திருக்கும். அந்தப் பகுதியைக் கழித்துவிட்டு இரண்டு ஓரங்களைத் தனித்தனியாகச் சாயமிட்டால் தலையணை உறைக்கும் திரைச்சீலைக்கும் நல்ல துணி மிஞ்சும். முழு விரிப்பாகத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களே பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

நீளவாக்கில் கிழித்த துண்டுக்கு அராஷி முறை இன்னும் அழகு. 1880-இல் அரிமட்சுவில் உருவானது இது. நீண்ட கம்பத்தில் துணியைச் சுற்றி, மேலே நூலை வரிந்து, ஒரு பக்கமாக நெட்டித் தள்ளிச் சுருக்குவார்கள். சாய்வாக அடிக்கும் மழைபோல் கோடுகள் விழும். வீட்டில் கம்பத்துக்குப் பதில் பிவிசி குழாய் போதும்.

நீலத்தின் குணம் தனி. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் காரமும், ஆக்சிஜனை அகற்றும் பொருளும் சேர்ந்தால்தான் அது கரைந்து மஞ்சள்-பச்சையாக மாறி இழைக்குள் இறங்கும். காற்றுப் பட்டதும் மறுபடி நீலமாகி அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஆக்சிஜனை அகற்றச் சாயப்பட்டறைகள் ஹைட்ரோஸ் என்னும் ரசாயனத்தைப் போடும். அதன் நெடி அடுக்களைக்கு ஆகாது. பிரெஞ்சுக்காரர் மிஷேல் கார்சியா பரப்பிய வழி வீட்டுக்குத் தோதானது: எடையில் ஒரு பங்கு நீலத்தூள், இரண்டு பங்கு நீற்றுச் சுண்ணாம்பு, மூன்று பங்கு பழச்சர்க்கரை. தமிழ்நாட்டுப் பழைய சாயக்காரர்கள் சர்க்கரைக்குப் பதில் தகரை விதையை வேகவைத்துச் சேர்த்தார்கள். ஜப்பானில் நீலம் தரும் செடி வேறு; தொக்குஷிமாவில் அதன் இலையை மாதக்கணக்கில் மக்கவைக்கிறார்கள். திண்டிவனம் வட்டாரத்து அவுரித்தூள் கிடைத்தால் அந்தப் பாடு இல்லை. 1897 முதல் சந்தையிலிருக்கும் செயற்கை நீலமும் வேதியியல்படி அதே சாயம்தான். இயற்கை நீலம் என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

பலரும் அவசரப்படுவது சாயத்தில் முக்குவதற்கு முந்தைய வேலையில். தலை வைத்துப் படுத்த இடத்தில் எண்ணெய் ஊறியிருக்கும், அங்கே சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் வெளியேறும் பழுப்புத் தண்ணீரே சாட்சி. பிறகு துணியை ஈரத்தோடு மடித்துக் கட்டி, குமிழி எழாமல் தொட்டிக்குள் இறக்க வேண்டும். குமிழியோடு போகும் காற்று சாயத்தைக் கெடுத்துவிடும். சில நிமிடம் முக்கி, வெளியே எடுத்துக் கால் மணி நேரம் காற்றாட விட்டு, மறுபடி முக்க வேண்டும். ஈரத்தில் தெரியும் நீலம் காய்ந்ததும் வெளுக்கும் என்பதால், போதும் என்று தோன்றியபின் இன்னொரு முக்கு. முதல் சில சலவைகளில் சாயம் இறங்கும், வெள்ளைச் சட்டைகளோடு சேர்த்துப் போடக் கூடாது.