கூரையும் பின்கதவும் சும்மாதானே கிடக்கின்றன?



இங்கிலாந்தில் வாழும் என் தங்கை மகளிடமிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. அவளும் மாப்பிள்ளையும் மூன்று பிள்ளைகளும் கோடை விடுமுறையில் ஸ்பெயின் சென்று, கிரனாடா நகரின் அல்ஹம்ரா மாளிகையைக் கண்டுவர எண்ணியிருக்கின்றனராம். அதற்கெனப் பழைய டீசல் ‘கேம்பர்’ வண்டி ஒன்றை வாங்கியிருக்கின்றனர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி அனைத்தும் உள்ளடங்கிய நடமாடும் வீடு அது. “மாமா, உள்ளே கால்வைக்க இடமில்லை. கூரையும் பின்கதவும் சும்மாதானே கிடக்கின்றன? பெட்டி, சைக்கிள், கூடாரம் எல்லாவற்றையும் வெளியே ஏற்றிவிடலாமா?” என்று கேட்டிருந்தாள்.

லாரிப் பட்டறையில் பாதி வாழ்நாளைக் கழித்தவன் நான். ஆகவே இக்கேள்வியைப் படித்ததும் சற்றே அஞ்சினேன். இடம் இருக்கிறது என்பது வேறு. தாங்கும் வலு இருக்கிறது என்பது வேறு. பாரம் ஏற்றுவோர் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

அந்நாட்டில் 1997 ஜனவரி 1ஆம் நாளுக்குப் பின் கார் ஓட்டும் தேர்வில் தேறியவர்கள், அந்த உரிமத்தைக் கொண்டு இத்தகைய டீசல் வண்டிகளில் 3,500 கிலோ வரை அனுமதிக்கப்பட்டவற்றையே ஓட்டலாம். எனவே பெரும்பாலான கேம்பர்கள் அந்த எல்லைக்குள் அடங்குமாறே செய்யப்படுகின்றன. ஓட்டுநரோடு சேர்த்து வண்டியின் எடை 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 500. மனைவியும் மூன்று பிள்ளைகளும் 150 கிலோ. நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. சமையல் வாயு உருளைகள் 25. துணிமணி, பாத்திரம், அரிசி, பருப்பு 125. (நம் வீட்டுப் பெண்கள் அரிசியை விட்டுவிட்டுப் புறப்படுவார்களா என்ன?) எஞ்சுவது நூறே கிலோ! அதற்குள்தான் வெளியே தொங்கும் அத்தனையும் அடங்கியாக வேண்டும். பக்கச் சுவரில் பொருத்தும் நிழல்பந்தல் மட்டுமே இருபது கிலோவைத் தாண்டும். மின்சார சைக்கிள் இரண்டு ஏற்றினால் ஐம்பது கிலோ ஆகிவிடும்.

எடையைவிட அது அமரும் இடம் முக்கியமானது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர் தூரம் என்க. பின் அச்சிலிருந்து 2 மீட்டர் பின்தள்ளி 100 கிலோவைத் தொங்கவிட்டால், பின் அச்சின் மீது இறங்குவது நூறன்று, 150 கிலோ! கூடுதலான அந்த ஐம்பது, முன் அச்சிலிருந்து பிடுங்கப்பட்டது. சிறுவர் ஏறி விளையாடும் ஏற்றப்பலகையை நினைத்துப் பாருங்கள்; ஒரு முனை தாழ மறுமுனை எழும் அல்லவா? திசை திருப்பும் சக்கரங்கள் தரையைப் பற்றும் வலுவை இழந்தால், ஈரச் சாலையில் வளைவு வரும்போது வண்டி சொன்னபடி கேட்காது. மொத்த எடை எல்லைக்குள் இருக்கும். பின் அச்சும் பின் டயர்களும் மட்டும் தம் எல்லையைக் கடந்திருக்கும்.

கூரை விஷயம் வேறு வகை. உயரத்தில் வைத்த பாரம் வண்டியின் எடை மையத்தை மேலே தூக்குகிறது. பக்கக் காற்றிலும் வளைவிலும் வண்டி சாய்ந்தாடும். ஓடும்போது கூரை தாங்கும் எடை ஒன்று. நின்றிருக்கும்போது தாங்குவது அதைவிடப் பன்மடங்கு. கூரைக் கூடாரத்தில் ஆட்கள் ஏறிப் படுக்க முடிவது இதனாலேயே. அதைக் கண்டு, ஓட்டும்போதும் அவ்வளவு ஏற்றலாம் என எண்ணிவிடக் கூடாது. போர்வை, மடக்கு நாற்காலி போன்ற இலேசான பொருள்களே மேலே போகட்டும். கனமானவை உள்ளே, தாழ்வாக, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே.

வாயு உருளைப் பெட்டியின் அடியில் உள்ள துளைகளை எந்தச் சாமானும் மறைக்கலாகாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அந்த வழியேதான் வெளியேற வேண்டும். பெட்ரோல் டப்பாவைப் பின்புறம் கட்டுவதை நான் ஒப்பமாட்டேன். பின்னால் ஒரு வாகனம் மோதினால் முதலில் நசுங்குவது அதுவே.

எண் பலகையும் விளக்குகளும் சைக்கிள்களுக்குப் பின்னால் ஒளிந்துவிடலாகாது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கு 50 செ.மீ. சதுரமான சிவப்பு வெள்ளைக் கோட்டுப் பலகை மாட்ட வேண்டும். கூரையில் பெட்டி ஏறினால் வண்டியின் புதிய உயரத்தை அளந்து ஓட்டுநர் கண்முன் எழுதி ஒட்டிவிட வேண்டும். வாகன நிறுத்தங்களின் தடைக்கம்பியில் பெட்டியை இழப்பவர்கள், பெரும்பாலும் வண்டியின் பழைய உயரத்தை நினைவில் வைத்திருந்தவர்களே.

கட்டும் பட்டையில் ஒரு முறுக்கு இட்டுக் கட்டினால், காற்றில் அது அதிர்ந்து இரையாது. முதல் முப்பது கிலோமீட்டரில் இறங்கி ஒருமுறை இழுத்துப் பார்ப்பது எங்கள் பட்டறை வழக்கம்.

இவை யாவற்றையும் எழுதி, பிள்ளைகள் உட்பட எல்லாரையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போய், பின் அச்சைத் தனியாகவும் எடை பார்க்கச் சொன்னேன். பதில் வந்துவிட்டது. பின் அச்சு எல்லையைவிட 70 கிலோ மிகுதி! மூத்தவன் சைக்கிளை விடமாட்டேன் என்று அழுதானாம். அவள் கூரைப் பெட்டியை விற்றுவிட்டு, தண்ணீரை முப்பது லிட்டராகக் குறைத்துக்கொண்டு, மீண்டும் எடைமேடைக்குப் போயிருக்கிறாள்.