குப்பைக் கூடையில் ஒரு சந்திர வண்டி

நெய்வேலிக் குழந்தைகள் கொடுத்து வைத்தவர்கள். கதைகளில் வருகிற மாதிரி ராட்சச யந்திரம் அவர்கள் ஊர்ச் சுரங்கத்திலேயே இருக்கிறது. பெரிய சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றி வாளிகள். சக்கரம் சுழலச் சுழல, ஒவ்வொரு வாளியும் மண்ணை வாரிப் பெல்ட்டில் கொட்டும். ஒரே வாளியில் 1,400 லிட்டர் கொள்ளும் யந்திரங்களும் உண்டு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை விடப் பெரிசு!

இந்த யந்திரத்தை விடுமுறையில் வீட்டிலேயே செய்யலாம், சகோதரிகளே. காசு செலவில்லை. டப்பா மூடிதான் சக்கரம். ஓரத்தில் ஷாம்பு, பற்பசை மூடிகளை ஒட்டினால் வாளிகள். தீர்ந்துபோன பேனா ரீஃபில் அச்சு. தையல் நூல் சுற்றியிருந்த கட்டைகள் இரண்டின் மேல் பழைய சைக்கிள் ட்யூப் துண்டை மாட்டினால் பெல்ட் ரெடி.

இதுவரை காப்பிதான். இனிமேல்தான் ருசியே. "இதே யந்திரத்தைச் சந்திரனுக்குக் கொண்டு போனா என்ன ஆகும்?" என்று குழந்தையிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விடுங்கள்!

உங்களுக்கு மட்டும் விடை சொல்கிறேன். சந்திரனில் எந்தப் பொருளின் எடையும் இங்கே இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். எடை குறைந்தால் வண்டி தரையில் ஊன்றி நிற்காது. சக்கரம் மண்ணைத் தோண்டாமல் வண்டியையே இழுத்துத் தள்ளிவிடும். அதனால்தான் நாசா விஞ்ஞானிகள் செய்த சோதனை வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக வாளி வைத்த உருளைகள் இருக்கின்றன. இரண்டும் எதிரெதிராகச் சுழல்வதால், ஒன்றின் இழுப்பை மற்றது சரிக்கட்டிவிடும்.

உங்கள் குழந்தை கல்லைக் கட்டி எடை ஏற்றலாம், நங்கூரம் போடலாம். எதுவானாலும் திருத்தாதீர்கள். சொந்தமாக யோசிக்கிற அந்த ஆனந்தம் கடைப் பொம்மையில் கிடைக்காது. 1977-ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கதாநாயகனின் ஒளிவாளுக்குக் கைப்பிடியானது, பழைய காமிராவின் ஃப்ளாஷ் கைப்பிடிதான்!

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஃப்யூஸான ட்யூப்லைட், பூச்சி மருந்து டப்பா, பிளேடு இவற்றைக் கொடுக்கவே கூடாது. ட்யூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. மூன்று வயசுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், சின்ன மூடிகளை அதன் கைக்கு எட்டவிடாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கைக்கடிகாரம், ரிமோட் இவற்றில் உள்ள பட்டன் பாட்டரி எல்லாவற்றையும் விட ஆபத்து. விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், ஆகாரம் கொடுக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வண்டி தயாரானதும் நாலு பேர் பார்க்கிற இடத்தில் வையுங்கள். அதற்குப் பேர் வைக்கிற உரிமை மட்டும் குழந்தைக்குத்தான்!