இனிக்காத சீனி

"எனக்கு இனிப்புநீர். ஆகவே தேத்தண்ணியில் சீனியே போடுவதில்லை" என்று பெருமையோடு சொல்லும் தோழர்கள் நம் தோட்டங்களில் பலர் உண்டு. நல்ல காரியந்தான். ஆனால் அதே தோழர் மத்தியானம் தட்டில் குவிக்கும் சோற்றைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கேட்டால், "சோறு எங்கே இனிக்குது?" என்கிறார்.

இனிக்கும் தோழரே! இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். ஒரு வாய் வெறுஞ்சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் நாக்கில் லேசாக இனிப்புத் தட்டும். யாரும் சீனி போடவில்லையே, எங்கிருந்து வந்தது?

குளுக்கோஸ் என்ற சர்க்கரையை ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிகள் சேரும்போது அவற்றிடமிருந்து ஒரு நீர்த்துகள் கழன்று போகிறது. அந்த இடத்தில் முடிச்சு விழுகிறது. நெற்பயிர் இப்படி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்து மாலையாக்கித்தான் அரிசியில் மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கிறது. மாலையாக இருக்கும்வரை நாக்குக்கு இனிப்புத் தெரியாது. எச்சிலில் உள்ள நொதி, போன தண்ணீரைத் திரும்பக் கொடுத்து முடிச்சை அவிழ்க்கிறது. இரண்டிரண்டு மணியாகப் பிரிந்ததும் இனிப்புத் தெரிகிறது. மிச்ச வேலையைச் சிறுகுடல் முடித்து, தனித்தனிக் குளுக்கோஸாக இரத்தத்தில் விட்டுவிடும்.

கடைச் சீனி வெறும் ஜோடிதான்: ஒரு குளுக்கோஸ், ஒரு பிரக்டோஸ். அதையும் சிறுகுடல்தான் பிரிக்கிறது. ஆக, சீனியை விலக்கிவிட்டுச் சோற்றைக் குவித்தால் என்ன பிரயோசனம்? சோற்றை விட்டுவிட்டேன் என்று ஆறேழு சப்பாத்தி தின்பதும் அப்படித்தான். மரவள்ளிக்கிழங்கும் அதே மாலைதான்.

கீரைத்தண்டின் நாரும் குளுக்கோஸ் மாலைதான் என்றால் நம்புவீர்களா? ஆனால் முடிச்சு வேறு மாதிரி. நம் நொதிகளால் அவிழ்க்க முடியாது. மாட்டு வயிற்றுக் கிருமிகளுக்கு அது கைவந்த கலை, அதனால் மாடு புல்லைத் தின்று பிழைக்கிறது. நமக்கு அந்த நார் வயிற்றை நிரப்பும், சர்க்கரையை ஏற்றாது.

2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே இன்னும் அதிகம். செருப்பு கடித்த சிறு புண் ஆறாமல் முதலில் விரலையும் பிறகு பாதத்தையும் இழந்தவர்கள் நம் லயங்களிலேயே இருக்கிறார்கள். பால்மரம் வெட்டவும் செம்பனைக் குலை அறுக்கவும் போகிறவனுக்குக் காலை விட்டால் வேறென்ன முதல் இருக்கிறது?

"இனிப்பைக் குறை" என்ற ஒரு வார்த்தையோடு மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால் போதாது என்பது என் கருத்து. தட்டைப் பற்றியும் பேச வேண்டும். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையில் தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறி, பழம். தாய்மார்களே, அகப்பை உங்கள் கையில்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஒன்று மட்டும்: மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று சோற்றை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை அளவு சட்டென்று இறங்கி, வெட்டு மரத்தடியிலேயே மயங்கி விழ நேரிடும்.